குரோபாட்கினிலிருந்து தொடங்குங்கள்

அராஜகவாதத்தைக் கற்க விரும்பி எங்கள் நூல்நிலையத்தை நாடி வரும் இளைஞர்களுக்கு, தனிச்சொத்தின் நியாயத்தையே 1840-இல் விசாரணைக்கு உட்படுத்திய புரூதோனுடைய நூலையோ, ஆவேசம் மிகுந்த பக்கூனினுடைய எழுத்துக்களையோ முதலில் எடுத்துக் கொடுக்காமல், பீட்டர் குரோபாட்கின் 1902-இல் வெளியிட்ட 'பரஸ்பர உதவி' என்னும் நூலையே நான் கொடுப்பது வழக்கம்.

அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. மாஸ்கோவில் 1842-இல் பிரபு வமிசத்தில் பிறந்து, ஜார் சக்கரவர்த்தியின் அரண்மனையில் பணிபுரிந்து, எந்த உயர்பதவியையும் எளிதில் அடையக்கூடிய நிலையில் இருந்தும், தாமே விரும்பிச் சைபீரியாவுக்குச் சென்ற அவர், அங்கே பூகோள ஆராய்ச்சி செய்து திரிந்த காலத்தில், ஓரினத்து விலங்குகள் பனிப்புயலிலும் பஞ்சத்திலும் தமக்குள் போரிடுவதைக் காட்டிலும் ஒன்றுக்கொன்று துணைநின்று பிழைப்பதையே மிகுதியாகக் கண்டார். தலைநகரத்து உத்தரவுகளால் ஆகாத காரியங்களைக் குடியானவர்கள் தமக்குள் கூடிப் பேசிச் சாதித்ததையும் கண்டார். இயற்கையில் போராட்டமே பிரதானம் என்னும் பொருள்பட ஆங்கில விஞ்ஞானி ஹக்ஸ்லி 1888-இல் எழுதியதற்கு மறுமொழியாக எழுந்த கட்டுரைகளே பின்னர் அந்நூலாயின.

மூழ்கும் கப்பலை நோக்கி, எந்த அரசாங்கமும் ஏவாமல், உயிர்காப்புப் படகுகளைச் செலுத்திச் செல்லும் ஆங்கிலக் கடற்கரைத் தொண்டர்களைப் பற்றி, 1892-இல் வெளியான தம் மற்றொரு நூலில் அவர் எழுதியிருக்கும் பகுதியையும், நேயர்களே, அவசியம் படியுங்கள்.

குரோபாட்கினும் அரசு வேண்டாம் என்பவரே; அப்படியானால், அரசு வேண்டாம் என்னும் முதலாளித்துவவாதிகளுக்கும் இவருக்கும் என்ன பிணக்கு? எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருநாள், அமெரிக்கராகிய மரே ராத்பார்டின் நூலைக் கற்றுவந்த இளைஞர் ஒருவர், வரி என்பதே பலாத்காரம், காவலையும் நீதியையும்கூடத் தனியார் ஸ்தாபனங்கள் விலைக்கு வழங்கலாம் என்று சாமர்த்தியமாக வாதித்தார். ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "தம்பி, ஊர் நிலமெல்லாம் ஒருத்தர் கையிலே இருந்து, காவல்காரனுக்கும் அவரே கூலி கொடுத்தா, வழக்குன்னு வந்தா அவன் யார் பக்கம் நிப்பான்?" என்று கேட்டார். அன்று நூல்நிலையத்தைப் பூட்ட வெகுநேரமாயிற்று.

பிணக்கின் வேர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ராத்பார்டு அரசின் பலாத்காரத்தை மட்டுமே எதிர்க்க, அராஜகவாதிகளோ நிலத்துக்கு வாடகை வாங்குவோனும் கூலிக்கு ஆள் அமர்த்துவோனும் செலுத்தும் ஆதிக்கத்தையும் அதனோடு சேர்த்தே எதிர்க்கிறார்கள். சந்தையை மனமார ஆதரித்த அமெரிக்க அராஜகவாதி பெஞ்சமின் டக்கர்கூட, 1881-இல் தொடங்கிய தம் பத்திரிகையில் வட்டியையும் நிலவாடகையையும் கண்டித்தே எழுதிவந்தார். ராத்பார்டின் தர்க்கம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆயினும், பசித்தவன் வேறு வழியின்றிக் கொடுக்கும் சம்மதத்தை முழுச் சம்மதமென்று ஏற்க என் மனம் இடந்தரவில்லை.

நேரம் நெருங்கிவிட்டமையால், சென்னையில் 1887-இல் பிறந்து, தேசாந்தரங்களில் திரிந்து, அராஜகவாதியாகவே மறைந்த எம்.பி.டி. ஆசார்யாவைப் பற்றி விரித்துரைக்க இயலவில்லை. குரோபாட்கினையும் ராத்பார்டையும் அடுத்தடுத்துப் படித்து நீங்களே முடிவு செய்யுங்கள். உங்கள் ஊர் நூல்நிலையத்தில் அந்நூல்கள் இல்லையென்றால், வாங்கி வைக்கும்படி நூலகருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.