பெயர் பொறித்த கல்லும் எண் பொறித்த கல்லும்



போரில் மாய்ந்தவனுக்குப் பின் எஞ்சுவன இரண்டு. ஒன்று அவன் பிறந்த குடி. மற்றொன்று அவன் பெயர். குடி அவனை நினைந்து அழும். ஆனால் அக்கண்ணீர் மூன்று தலைமுறைக்குள் வற்றிவிடும். பெயரோ, எழுதி வைக்கப் பெற்றால், ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்கும். இவ்வுண்மையை உணர்ந்து, மாய்ந்தவன் பெயரைக் கல்லில் நிறுத்துவதற்கென ஓர் இலக்கணமே வகுத்துக்கொண்ட இனம் தமிழினம். அவ்வினத்தில் பிறந்து கடந்த நூற்றாண்டின் பெரும்போர்களில் மடிந்தவர்களுள் பலர் இன்று பெயரின்றிக் கிடக்கின்றனர். அவர்தம் பெயர்களை மீட்பது யார் கடமை என்பதே இவ்வுரையின் பொருள்.

முதற்கண் பழந்தமிழரின் முறையை எண்ணிப் பார்க்க வேண்டும். தொல்காப்பியம் புறத்திணையியலில் நடுகல்லுக்கு ஆறு நிலைகளைக் கூறுகிறது. தகுந்த கல்லைத் தேர்ந்து காண்பது காட்சி. அக்கல்லைக் கொள்வது கால்கோள். அதனை நீராட்டுவது நீர்ப்படை. உரிய இடத்தில் நிறுத்துவது நடுதல். படையலிட்டுச் சிறப்புச் செய்வது பெரும்படை. மாய்ந்தவனைப் புகழ்வது வாழ்த்து. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல்லெடுத்த வரலாற்றைப் பாடிய இளங்கோவடிகள், வஞ்சிக் காண்டத்தின் காதைகள் பலவற்றுக்கு இந்நிலைகளின் பெயர்களையே இட்டார். ஒரு சாவைப் பதிவு செய்வதற்கு ஆறு படிகள்! ஓர் உயிரின் இழப்பை அவ்வளவு பொறுமையுடனும் அவ்வளவு மதிப்புடனும் நோக்கிய குமுகாயம் அது.

இது நூலளவில் நின்ற இலக்கணம் அன்று. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் மூன்று நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவை தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறிக்கப்பட்டவை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஒரு கல், கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் மாய்ந்த தீயன் அந்தவன் என்பானைக் குறிக்கிறது. கல்லோ சிறியது, எழுத்தோ சில. ஆயினும் அவன் யார், எவ்வூரில், எதன்பொருட்டு மாய்ந்தான் என்னும் மூன்றும் அச்சில எழுத்துகளுள் அடங்கியுள்ளன. அவன் பேரரசன் அல்லன். படைத்தலைவன் என்றும் அக்கல் கூறவில்லை. ஆநிரைப் பூசலில் வீழ்ந்த ஒருவன், அவ்வளவே. அவன் பெயரை இன்று பள்ளிச் சிறுவனும் படிக்கிறான்.

இன்னும் ஒரு கல் உண்டு. அது திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ளது; முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது; அஃதாவது ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழைமையது. எருமைக் கிடையைக் காத்து நின்று மாய்ந்த கருந்தேவக்கத்தி என்னும் மறவனுக்கு எடுத்த கல் அது. அதில் அவன் உருவத்திற்கு அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அதன் செயலும் கல்லிலேயே எழுதப்பட்டுள்ளது. தலைவனோடு நின்று காத்த நாய்க்கும் பெயர் உண்டு. அப்பெயரும் மறக்கத் தக்கதன்று எனக் கருதிய மாந்தர் நம் முன்னோர்.

கல் நட்டதோடு அவர்கள் கடமை முடிந்துவிடவில்லை. மாய்ந்தவனின் குடும்பம் வாழ வேண்டுமன்றோ? அதற்கென நிலம் விடப்பட்டது. குருதி என்னும் பொருள்தரும் நெய்த்தோர் என்னும் சொல்லைக்கொண்டு அக்கொடையை நெய்த்தோர்ப்பட்டி என்று வழங்கினர். உதிரப்பட்டி என்பதும் அதுவே. ஒருவன் சிந்திய குருதிக்கு ஈடாக அவன் மக்கள் உழுதுண்ண நிலம் அளித்த ஊர், அவன் பெயரைக் கல்லிலும், அவன் குடியைத் தன் மண்ணிலும் ஊன்றி வைத்தது. நினைவு என்பது பூத்தூவும் ஒருநாட் சடங்கன்று; எஞ்சியோரைத் தாங்கும் கடன் என்பதை இச்சொல் ஒன்றே காட்டும்.

இனி, கடந்த நூற்றாண்டிற்கு வருவோம். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. அன்று இந்தியா வெள்ளையர் ஆட்சியில் கிடந்தது. இந்நிலத்திலிருந்து 10 இலக்கத்துக்கும் மேற்பட்டோர் கடல்கடந்த போர்க்களங்களுக்கு அனுப்பப்பட்டனர். 74,000-க்கும் மேற்பட்டோர் மாய்ந்தனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். மதராசு சாப்பர் எனப்படும் பொறிஞர் படையினர் மெசொப்பொத்தாமியாவில், இன்றைய ஈராக்கில், ஆறுகளுக்குப் பாலம் அமைத்தனர். குண்டுமழைக்கிடையே படைகளைக் கரையேற்றினர். பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காத் துறையில் இறக்கப்பட்டது.

போர் முடிந்தபின் நடந்தது யாது? இந்தியாவின் ஊர்கள் பலவற்றில், தமிழ்நாட்டு ஊர்களிலும், வெள்ளை அரசு சலவைக்கற்களைப் பதித்தது. அக்கற்களில் சிலவற்றைப் பழைய கட்டடச் சுவர்களில் இன்றும் காணலாம். இவ்வூரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குச் சென்றனர். அவருள் இத்தனை பேர் உயிர்துறந்தனர் என்பதே அவற்றின் வாசகம். ஊர்ப்பெயர் உண்டு; ஆண்டு உண்டு; எண் உண்டு. சென்றவன் பெயர் இல்லை. மாய்ந்தவன் பெயரும் இல்லை. எருமைக் கிடையைக் காத்த நாயின் பெயரைக் கல்லில் வைத்த நாட்டில், பெற்ற மகனைப் பறிகொடுத்த தாய்க்கு ஓர் எண்ணிக்கையைக் காட்டி, இதுவே உன் மகன் என்றனர்!

இது சிற்றூர்க் கல்லில் மட்டும் நேர்ந்த குறையா? அன்று. போரில் மாய்ந்தோரின் கல்லறைகளைப் பேணுவதற்கென 1917-இல் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் நிறுவப்பட்டது. உயர்ந்தவன் தாழ்ந்தவன் என்னும் வேறுபாடின்றி ஒவ்வொருவன் பெயரும் கல்லறையிலோ நினைவுச் சுவரிலோ இடம்பெற வேண்டும் என்பது அவ்வாணையம் தனக்கு வகுத்துக்கொண்ட கொள்கை. சிறந்த கொள்கையே. பிரான்சு நாட்டு நெவ் சப்பெல் என்னுமிடத்தில் 1927-இல் திறக்கப்பட்ட இந்திய நினைவுச் சின்னத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியப் படைஞரின் பெயர்கள் உள்ளன. ஐரோப்பாவின் கண் முன்னே கொள்கை காப்பாற்றப்பட்டது.

ஆனால் ஈராக்கின் பசுரா நகரில் 1929-இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைப் பாருங்கள். அது, கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோர்க்கு எழுப்பியது. அதில் வெள்ளைப் படைஞர் யாவர்க்கும் பெயர் பொறித்தனர். இந்தியரில் அலுவலர்களுக்குப் பெயர் பொறித்தனர். எளிய இந்தியப் படைஞர்க்கோ, இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என எண்ணை மட்டும் பொறித்தனர். ஒரே மண்ணில் ஒரே பகைவனை எதிர்த்து ஒரே நாளில் மாய்ந்தவர்களுள், ஒருவனுக்குப் பெயர், மற்றவனுக்கு எண். சாவில் இல்லாத ஏற்றத்தாழ்வைச் சாவுக்குப் பின் கல்லில் ஏற்றிவைத்தனர்.

இதற்கு அவர்கள் கருதிய காரணம் என்ன? இன்றைய கானா நாடு அன்று ஆங்கிலேயரின் குடியேற்ற ஆட்சியில் கோல்டு கோசுட்டு எனப்பட்டது. அதன் ஆளுநர், அந்நாட்டு எளிய மக்களுக்குக் கல்லறைக்கல்லின் பொருளும் அருமையும் விளங்கா என்று 1923-இல் கூறினார். ஆப்பிரிக்க மக்களை நோக்கிச் சொன்ன சொல் அது. ஆயினும் ஆசியரைப் பற்றிய எண்ணமும் அதே அச்சில் வார்த்ததே. கல்லின் அருமை தெரியாதவர்களாம்! ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெயர் பொறித்துக் கல் நட்ட ஓரினத்தின் மக்களையும் அவ்வரிசையில் நிறுத்தினர் என்றால், அறியாமை எவர்பால் இருந்தது என்பதை அவையோரே தேர்ந்துகொள்க.

இதனைப் பிறர் குற்றமாகத் தமிழர் மட்டும் கூறுவதாக எவரும் எண்ணற்க. அவ்வாணையமே ஆய்வு செய்து 2021 ஏப்பிரலில் அறிக்கை வெளியிட்டது. ஆசிய, ஆப்பிரிக்க இனத்தவரைப் பெரும்பான்மையராகக் கொண்ட 45,000 முதல் 54,000 வரையிலானோர் ஏற்றத்தாழ்வாக நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சுட்டி நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது ஒப்புக்கொண்டது. பிரித்தானிய அரசும் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தது. நூறாண்டுக்குப் பின் வந்த வருத்தம். மகனுக்காகக் காத்திருந்த தாயும் இல்லை; அவளுக்கு அதனைச் சொல்வாரும் இல்லை.

நினைவுக்கல்லுக்கு ஆள்வோர் ஏன் அஞ்சுகின்றனர் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இந்திய தேசியப் படையில் மலாயாத் தமிழர் பெருந்திரளாகச் சேர்ந்தனர். தோட்டத்தில் பால்மரம் சீவிய இளைஞரும், சான்சிராணிப் படையில் சேர்ந்த பெண்களும் அவருள் உண்டு. அப்படையில் மாய்ந்தோர்க்குச் சிங்கப்பூர்க் கடற்கரையில் எழுந்த நினைவுச் சின்னத்திற்கு 1945 சூலை 8-இல் நேதாசி அடிக்கல் நாட்டினார். அவ்வாண்டு செப்டம்பரிலேயே, திரும்பி வந்த ஆங்கிலப் படை அதனை வெடிவைத்துத் தகர்த்தது. தகர்த்தும் பயன் என்ன? 1995-இல் அவ்விடத்திலேயே சிங்கப்பூர் அரசு நினைவுப் பலகை நிறுத்தியது. கல்லைத் தகர்க்கலாம், நினைப்பவர் உள்ளவரை நினைவைத் தகர்க்க இயலாது. நினைப்பவர் இல்லையெனின் தகர்க்கவே வேண்டியதில்லை. அது தானே அழியும்.

இங்கே சிலர் ஒரு வினா எழுப்புவர். வெள்ளையன் பேரரசைக் காக்கச் சென்றவர்களை நாம் ஏன் நினைக்க வேண்டும்? கூலிக்குப் போர்புரிந்தவர்க்குக் கல் எதற்கு? உணர்ச்சிமிக்க இளைஞர்பால் எழத்தக்க வினாவே இது. இதற்கு விடை தமிழ் மரபிலேயே உள்ளது. ஆநிரை கவரச் சென்றவன் வெட்சியான். அதனை மீட்கச் சென்றவன் கரந்தையான். ஒருவர்க்கொருவர் பகைவர். ஆயினும் மாய்ந்தபோது இருவர்க்கும் கல் எழுந்தது. கல் எழுப்பிய ஊரார் அப்பூசலை வழக்காடு மன்றத்தில் நிறுத்தித் தீர்ப்புரைக்கவில்லை. தம்மிற் பிறந்த ஒருவன் திரும்பி வரவில்லை என்பதை அறிந்தனர். அவன் பெயரை எழுதினர். பேரரசைப் போற்றுவது வேறு. அதன் போரில் சிக்கி மாய்ந்த உழவன் மகனை நினைப்பது வேறு. வறுமை துரத்தச் சென்றவனும் உண்டு. கடன் தீர்க்கச் சென்றவனும் உண்டு. அவன் பெயரை மறைத்தவன் வெள்ளையன். அதே பெயரை நாமும் மறந்தால், அவன் தொடங்கிய வேலையை நாம் முடித்துவைத்தவர் ஆவோம்.

போர்ச்சாவை நினைப்பது போரைப் போற்றுவதும் ஆகாது. பழந்தமிழர் வெற்றியை மட்டும் பாடினாரல்லர். புண்பட்ட கணவனை இரவெல்லாம் காத்திருந்த மனைவியின் நிலையைத் தொடாக்காஞ்சி என்று தனித்துறையாக வைத்தனர். மாய்ந்தவனைக் கண்டு செயலற்று நிற்பதைக் கையறுநிலை என்றனர். வாகை சூடியதைப் பாடிய நாவே, கைம்மையின் கொடுமையையும் பாடியது. பெயர் எழுதிய கல்லின் முன் நிற்பவனுக்கே போரின் விலை இன்னதென்று விளங்கும். எண்ணின் முன் நிற்பவனுக்கு அது விளங்காது. எண்ணைக் கூட்டலாம், கழிக்கலாம், மறக்கலாம்.

விடுதலைக்குப் பின் மாய்ந்தோரின் நிலை அவ்வாறன்று. 2019 பிப்பிரவரி 25-இல் தில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் 25,000-க்கும் மேற்பட்ட படைஞரின் பெயர்கள் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன. அது முறையான செயல். ஆனால் தில்லி எங்கோ உள்ளது. அவன் நடந்த தெருவில், படித்த பள்ளியில், அவன் குடியினர் வாழும் ஊரில் அப்பெயர் இருக்கிறதா? முன்னோர் கல் நட்டது தலைநகரில் அன்று. ஊர்ப்புறத்தில், ஆடு மாடு ஓட்டிச் செல்லும் வழியில்.

ஆகவே செய்யத் தக்கவற்றைச் சொல்லி முடிப்பது பொருந்தும். படையிற் பணிபுரிந்தவர் எவரேனும் உங்கள் குடியில் உண்டா என்று வீட்டு முதியவரிடம் இன்றே கேளுங்கள். பழம்பெட்டியில் முதல் உலகப் போர்ப் பதக்கம் கிடந்தால், அதன் விளிம்பை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அவன் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கொண்டு போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப்பதிவில் தேடலாம், கட்டணம் இல்லை. ஆங்கில எழுத்தர் தமிழ்ப் பெயர்களைக் காதில் விழுந்தவாறு எழுதினர். முருகன்களும் மாரிமுத்துகளும் பலராக இருப்பர். ஆதலின் தந்தை பெயரும் ஊர்ப்பெயரும் இன்றியமையாதவை. அவற்றை அறிந்தவர்கள் வீட்டாரே அன்றி ஆணையத்தார் அல்லர்.

மாய்ந்தவரை மட்டுமன்று, சென்று திரும்பியவரையும் எழுதுங்கள். காலிழந்து வந்தவர், கண்ணிழந்து வந்தவர், வாய்திறந்து எதுவும் சொல்லாமலே வாழ்ந்து மறைந்தவர் எனப் பலர் உளர். ஒருவர்க்கு ஒரு தாள் போதும். பெயர், பெற்றோர் பெயர், ஊர், படைப்பிரிவு, சென்ற ஆண்டு, மாய்ந்த இடம் அல்லது திரும்பிய ஆண்டு என ஆறு செய்திகள். தமிழில், தமிழ் முதலெழுத்துகளோடு, பிழையற எழுதுங்கள். ஒரு படி வீட்டிலும், ஒரு படி ஊர் நூலகத்திலும் இருக்கட்டும். சலவைக்கல் எண்ணை மட்டும் காட்டும் ஊர்களில், அக்கல்லைப் பெயர்க்க வேண்டா. அதனருகே மற்றொரு கல்லை நட்டு, அவ்வெண்ணுக்குரிய பெயர்களைப் பொறியுங்கள். ஆண்டுக்கு ஒருநாள் ஊரார் கூடி அப்பெயர்களை உரக்கப் படியுங்கள்.

ஆறு படிகள் வகுத்த இனத்திற்கு ஆறு செய்திகள் எழுதுவது அரிதன்று. அறிந்த முதியவர் உயிரோடிருக்கும்போதே எழுதுக.