பாலாலயம் கட்டிவிட்டுப் பூட்டினார்கள்!



'புதுப்பிப்பதற்காக ஒரு பல்கலைக்கழக நூலகத்தைப் பூட்டுவது, படிப்பவருக்கு லாபமா, நஷ்டமா?' இதுதான் தலைப்பு. லாபமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு கேள்வி கேட்டாங்க. "ஆராய்ச்சி பண்ற பிள்ளைக்கு மூணு வருஷம்தான் உதவித்தொகை. அந்த மூணு வருஷமும் நூலகத்தைப் பூட்டி வச்சா, அதை யார் திருப்பித் தருவா?" எல்லாரும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். நியாயமான கேள்விங்க. நூலகத்துக்கு அது தற்காலிகம். அந்தப் பிள்ளைக்கு அதுதான் மொத்தப் படிப்புக்காலம். இதுக்குப் பதில் சொல்லாம நான் உட்காரப் போறதில்லை.

உங்களை ஓர் ஊருக்கு அழைச்சுக்கிட்டுப் போறேன். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் தமிழ் சொல்லிக்கொடுத்த ஊர். அவர் அடங்கியிருக்கிற ஊரும் அதுதான். அந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கு பாட்லியன் என்று பெயர். தாமஸ் பாட்லி என்பவர் முயற்சியால் 1602-ல் திறந்தது. அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. 1645-ல் முதலாம் சார்லஸ் ராஜா ஒரு புத்தகம் இரவல் கேட்டார். கிடையாதுன்னுட்டாங்க! பக்கத்து வீட்டுக்காரர் வாரப் பத்திரிகை கேட்டா நம்மால மறுக்க முடியுதா? அங்கே ராஜாவுக்கே இல்லை.

1610-ல் அந்த நாட்டு அச்சகத்தார் சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டாங்க. அச்சாகிற புத்தகத்தில் ஒரு பிரதி இந்த நூலகத்துக்கு வந்துடணும். புத்தகம் வந்துக்கிட்டே இருக்கு, வெளியே போகாது. என்ன ஆகும்? நம்ம வீட்டுப் பரண் ஆயிடும். அதனால 1937-லிருந்து 1940-க்குள்ளே, தெருவுக்கு எதிர்ப்பக்கம் 'புதிய பாட்லியன்' என்று இன்னொரு கட்டடம் எழுப்பினாங்க. 50 லட்சம் புத்தகம் வைக்க 11 அடுக்கு. போர் முடிஞ்சு 1946-ல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் திறந்து வைக்க வந்தார். வெள்ளிச் சாவி கொடுத்தாங்க. பூட்டில் போட்டுத் திருகினார். சாவி உடைஞ்சு போச்சு! (சிரிப்பு) நடுவர் அவர்களே, திறக்கிறபோதே சாவி உடைஞ்ச கட்டடம்யா அது! அதைப் பூட்டினதுக்கா எதிரணி இவ்வளவு வருத்தப்படுறாங்க?

சிரிப்பு இருக்கட்டும். ஏன் பூட்டினாங்க? அந்த 11 அடுக்கும் தீயைத் தடுத்து நிறுத்துகிற தடுப்பு இல்லாத அமைப்பு. கீழே ஒரு பொறி விழுந்தா மேலே வரைக்கும் ஏறும். வெப்பம், ஈரப்பதம் இதையெல்லாம் பழைய ஓலைக்கும் தோலுக்கும் தாளுக்கும் ஏற்றபடி வைத்திருக்கவும் முடியலை. அந்த நூலகத்தில் சேருகிற ஒவ்வொரு வாசகரும், 'உள்ளே நெருப்புக் கொண்டுவர மாட்டேன், நெருப்பு மூட்ட மாட்டேன்' என்று உறுதிமொழி கொடுக்கணும். பழைய வழக்கம். வாசகன் சத்தியம் பண்ணுவான். பழைய ஒயர் சத்தியம் பண்ணுமா?

தீ ஒரு நூலகத்தை என்ன செய்யும் என்று தமிழனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. கட்டடத்தை மறுபடி எழுப்பி 2003-ல் திறந்தார்கள். ஆனால் வேறு பிரதி இல்லாத ஏட்டை எந்தக் கொத்தனார் கட்டித் தருவார்? அது வைத்த தீ. ஆக்ஸ்போர்டில் பயந்தது, வரக்கூடிய தீ. காரணம் வேறுங்க. ஆனா சாம்பல் ஒண்ணுதான்.

சரி, பூட்டினாங்க. எப்படிப் பூட்டினாங்க? அங்கேதான் விஷயம் இருக்கு.

நம்ம ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு முன்னால் திருப்பணி நடக்கும். கருவறையைத் தொட வேண்டியிருக்கும். அதுக்காக சாமியைப் பட்டினி போடுவோமா? பாலாலயம் என்று சின்னதாக ஒன்று அமைத்து, சாமியை அங்கே எழுந்தருளச் செய்து, பூஜையைத் தொடர்ந்து நடத்துவோம். கதவைத்தான் மூடுகிறோம், தரிசனத்தை மூடுவதில்லை.

அதைத்தான் அவர்கள் செய்தார்கள். முதலில் பாலாலயம். 45 கிலோமீட்டர் தள்ளி ஸ்விண்டன் என்கிற ஊரில் 2010-ல் ஒரு பெரிய புத்தகக் கிடங்கைத் திறந்தார்கள். அங்கே இருக்கிற அலமாரித் தட்டுகளை வரிசையாக நீட்டி வைத்தால் சுமார் 245 கிலோமீட்டர். மதுரையில் பஸ் ஏறினா கன்னியாகுமரியில் இறங்குற தூரம்! ஏறத்தாழ 70 லட்சம் நூல்களுக்கு ஒவ்வொன்றாக பார்கோடு ஒட்டி, 2011 முடிவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே பொருள் பார்த்து அடுக்குவதில்லை. உயரம் பார்த்து அடுக்குகிறார்கள், பாத்திரக்கடை மாதிரி. இடம் வீணாகாது. எது எங்கே என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். வாசகர் கேட்டால் வேன் கொண்டுவந்து தரும். அரிய சுவடிகளைப் பார்க்க, பல்கலைக்கழகத்தின் வேறொரு நூலகத்தில் தற்காலிகமாகப் படிப்பறை அமைத்தார்கள்.

கேட்டவுடன் கையில் கிடைக்காதுதான். வேன் வரும்வரை காத்திருக்கணும். அது நஷ்டம்தான், நான் மறைக்கலை. ஆனா அது மணிக்கணக்கு நஷ்டம். வருஷக்கணக்கு நஷ்டம் இல்லை.

இப்படிச் செய்யாமல் பூட்டினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். நான் படித்த கல்லூரியில் ஒரு நாள் நூலக வாசலில் அட்டை தொங்கியது. 'மராமத்துப் பணி. தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது.' எதுவரைக்கும் என்று போடவில்லை. புத்தகங்கள் மூட்டை கட்டி ஒரு வராந்தாவில் கிடந்தன. நான் பரீட்சை எழுதி, பட்டம் வாங்கி வெளியே வந்தேன். அட்டை அங்கேயே தொங்கிக்கிட்டிருந்தது! எதிரணி நண்பர்கள் திட்டுவது இந்தப் பூட்டை. இதை நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் இதற்குப் பெயர் புதுப்பித்தல் இல்லைங்க; கைவிடுதல்.

ஆக்ஸ்போர்டில் என்ன நடந்தது? 8 கோடி பவுண்டு செலவு. உள்ளே பழைய அடுக்குகளை எடுத்துவிட்டு, சுவடிகளுக்குப் பாதுகாப்பான அறைகள் கட்டினார்கள். 2015 மார்ச்சில் 'வெஸ்டன் நூலகம்' என்ற புதுப் பெயரோடு பொதுமக்களுக்குத் திறந்தார்கள். முன்பு தெருவில் போகிறவனுக்கு அது வெறும் கற்சுவர். இப்போது வாசல் திறந்திருக்கிறது; பெரிய கூடம், கண்காட்சி அறைகள், காபிக்கடை. மாணவனாக இல்லாதவனும் காசு கொடுக்காமல் நுழையலாம். பூட்டியது சில ஆண்டுகள், திறந்தது ஊருக்கே.

இப்போது அம்மையாரின் கேள்விக்கு வருகிறேன். போன மூணு வருஷத்தை யாராலும் திருப்பித் தர முடியாதும்மா. அதனால்தான் அது போகாமல் பார்த்துக்கொள்வது பூட்டுகிறவனின் கடமை. அந்தப் பிள்ளைக்கு நூலகம் கடன்பட்டிருக்கிறது. நூறு வருஷம் கழித்து அதே சுவடியைத் தேடி வரப்போகிற இன்னொரு பிள்ளைக்கும் கடன்பட்டிருக்கிறது. இந்தப் பிள்ளைக்காக வேன். அந்தப் பிள்ளைக்காகத் திருப்பணி. ஒருவனைக் காட்டி இன்னொருவனை ஏமாற்றக் கூடாது.

ஆகவே சபையோர்களே, நாளைக்கு உங்கள் ஊர் நூலகத்தில் பூட்டைப் பார்த்தால் பூட்டோடு சண்டை போடாதீர்கள். மூணே மூணு கேள்வி கேளுங்கள். புத்தகமெல்லாம் எங்கே இருக்கு? கேட்டா எப்படிக் கைக்கு வரும்? எந்தத் தேதியில் திறப்பீங்க? மூன்றுக்கும் பதில் சொல்கிறவன் பூட்டட்டும். அந்தப் பூட்டு லாபமே, லாபமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு, விடைபெறுகிறேன். (கைதட்டல்)