கெண்டையும் விராலும்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மைக் பிடிப்பது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

எங்கள் பழைய குழு கலைந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஒரகடத்தில் ஒரு கம்பெனி ஆட்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்க வங்கிக் கடன் வாங்கினோம். பன்னிரண்டு பேருக்கும் அதே வேலைதான். இரண்டு வருஷம் நல்லா ஓடிச்சு. அப்புறம் அங்கே ஷிப்டைக் குறைச்சாங்க, ஒப்பந்த ஆட்களை நிறுத்தினாங்க. அண்டாவில் சோறு மீந்தது, தவணை நின்றது. “பொம்பளைங்களுக்குள்ள ஒத்துமை இல்லை, அதான் உடைஞ்சுது”ன்னு ஊரில் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்து அழுதேன்.

எம்.பி.ஏ. படிக்கும் என் தங்கை அவள் பாடத்தில் இருப்பதை எனக்குச் சொன்னாள். 1977-ல் அமெரிக்காவில் மைக்கேல் ஹன்னன், ஜான் ஃப்ரீமன் என்ற இரண்டு அறிஞர்கள் எழுதியதாம். காட்டிலும் குளத்திலும் உயிர்கள் வாழ்வதைப் போலத்தான் கம்பெனி, கடை, சங்கம் எல்லாமே என்கிறார்கள். ஒரு வழிக்குப் பழகிப்போன அமைப்பு, சூழ்நிலை மாறும்போது சட்டென்று திரும்ப முடியாது. புதுச் சூழ்நிலைக்குப் பொருந்துகிற வகை நிற்கும், பொருந்தாதது போகும்.

எனக்கு உடனே நம்ம ஏரி ஞாபகம் வந்தது. தண்ணி வற்றினால் கெண்டை முதலில் சாகும். விரால் சேற்றுக்குள்ளே கிடந்து தாக்குப்பிடிக்கும். அதனால கெண்டை சோம்பேறியா? இல்லைங்க. அது தண்ணி நிறைஞ்ச ஏரிக்கான மீன்.

நோக்கியாவையே பாருங்க. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான பொண்ணுங்க கம்பெனி பஸ் ஏறிப் போனாங்க. 2007-ல் ஐபோன் வந்தது, அடுத்த வருஷம் ஆண்ட்ராய்டு போன் வந்தது. ஜனங்க பட்டனை விட்டுத் தொடுதிரைக்குப் போனாங்க. பட்டன் போனில் பேர் வாங்கிய கம்பெனியால் அந்த வேகத்துக்குத் திரும்ப முடியவில்லை. 2014-ல் அதன் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வரி வழக்கால் இந்தத் தொழிற்சாலை அதில் சேரவில்லை. அந்த வருஷம் நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. கடைசி நாள் வேலைக்குப் போன பொண்ணு மேல என்ன குற்றம் சொல்ல முடியும்? பிற்பாடு அதே வளாகத்துக்குச் சார்ஜர் செய்யும் சால்காம்ப் வந்தது. ஏரி நிறைஞ்சா வேற மீன் வருதே, அது மாதிரி.

அப்படின்னா நம்ம கையில் ஒண்ணுமே இல்லையா? இருக்கு. ஒரு குழு நினைச்ச உடனே தொழிலை மாத்த முடியாது. ஆனா கூட்டமைப்பில் பல குழுக்கள் இருக்கு. எல்லாரும் ஒரே கம்பெனி கேட்டை நம்பினா ஒரே நாளில் விழுவோம். எங்கள் தப்பும் அதுதான். ஒரு குழு சாப்பாடு, ஒரு குழு கறவை மாடு, ஒரு குழு தையல் என்று இருந்தால், ஒன்று சாயும்போது இன்னொன்று கை கொடுக்கும். புதுசா ஆரம்பிச்ச அமைப்புதான் சீக்கிரம் கலையும் என்றும் அந்தப் பாடத்தில் இருக்காம். அதனால புதுக் குழுக்களை முதல் இரண்டு வருஷம் அடிக்கடி போய்ப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. நான் இப்போ ஆடு வளர்க்கும் குழுவில் இருக்கேன். பழைய கடனை மாசாமாசம் எல்லாரும் கட்டிக்கிட்டுதான் வர்றோம். ஆனா அந்தப் பன்னிரண்டு பேரில் நாலு பேரை, “குழுவை உடைச்சவங்க” என்று இன்னும் எந்தக் குழுவிலும் சேர்க்கவில்லை. கணக்கைப் பார்த்துச் சேர்த்துக்குங்க, பழியைப் பார்த்துத் தள்ளாதீங்க. இதை அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகப் போடணும்னு கேட்டுக்கிறேன்.