சிறிய பாடசாலையை எந்தக் கோலால் அளப்பது?

(கிராமப் பாடசாலையொன்றின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாள்களில் பெரிய கல்லூரிகளின் வாயில்களிலே வாழ்த்துப் பதாகைகள் தொங்குகின்றன. சிறிய பாடசாலைகளைப் பற்றியோ ஒரே சொல்தான் ஊரெங்கும் உலவுகின்றது: "அங்கே படிப்பில்லை." இச்சொல் நீதியானதா என்று ஆராயவே இன்று நாம் கூடியிருக்கின்றோம்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். ஒரு பாடசாலையில் எட்டுப் பிள்ளைகள் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர் என வைத்துக்கொள்வோம். அவர்களுள் ஒருவர் தவறினால் சித்தி வீதம் நூற்றுக்குப் பன்னிரண்டரை குறைந்துவிடும். இருநூறு பேர் தோற்றும் கல்லூரியில் ஒருவர் தவறினாலோ குறைவது அரை வீதமே. சென்ற ஆண்டு அறுவர் தேறி, இவ்வாண்டு நால்வர் தேறினால், 75 வீதம் 50 வீதமாயிற்று, பெரும் வீழ்ச்சி என்று அறிக்கை எழுதப்படும். வீழ்ந்தது பாடசாலையா, இரண்டு பிள்ளைகளா? ஒரு மாரியின் மழையைக் கொண்டு குளத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் கமக்காரன் உண்டோ? ஐந்தாண்டுப் பெறுபேறுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தாலன்றிச் சிறிய பாடசாலையின் உண்மை நிலை புலப்படாது.

அடுத்து, வகுப்பிலே அமர்ந்திருப்போர் யாவர் என்று பார்ப்போம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை வறிய பிள்ளைக்கு உதவிப்பணம் பெற்றுத் தருவது, அது நன்று. ஆனால், பேர்பெற்ற பாடசாலைகளின் ஆறாம் வகுப்புக்கு நுழைவுச் சீட்டாகவும் அதுவே விளங்குகின்றது. ஊர்ப் பாடசாலை ஐந்தாண்டு பாடுபட்டு ஆளாக்கிய பிள்ளை, பலன் தரும் வேளையில் வேறிடம் போய்விடுகின்றது. உத்தியோகத்தரின் பிள்ளையோ புலமைப்பரிசிலுக்கும் காத்திராமல் முதலாம் வகுப்பிலேயே நகரத்துக்குப் போய்விடுகின்றது. எஞ்சியிருப்போர் கூலித் தொழிலாளரின் பிள்ளைகள், கடற்றொழிலாளரின் பிள்ளைகள், தாய் ஒருத்தியே தாங்கும் குடும்பத்துப் பிள்ளைகள், பாட்டன் பாட்டியுடன் வளரும் பிள்ளைகள். வெங்காய நடுகையும் கச்சான் பிடுங்கலும் வந்தால் இவர்களுட் சிலருடைய வாங்குகள் வெறுமையாகிவிடும். தெரிந்தெடுத்த பிள்ளைகளையும் எஞ்சிய பிள்ளைகளையும் ஒரே தராசில் நிறுத்துவிட்டு, ஆசிரியரைக் குறை கூறுவது எவ்வகை நியாயம்?

மூன்றாவதாக, ஊரே சிறுத்துவிட்டது. இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2012ஆம் ஆண்டு மதிப்பில் அவர்கள் ஆறு இலட்சத்துக்கும் குறைவு. போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் செய்த வேலை அது. போர் 2009ஆம் ஆண்டு மேயில் முடிந்த பின்னரும் போனோரிற் பலர் திரும்பவில்லை. ஆளில்லாத வீட்டிலிருந்து பாடசாலைக்குப் பிள்ளை எப்படி வரும்?

மாணவர் தொகை குறைந்தால் ஆசிரியர் ஆளணியும் குறைகின்றது. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கே முதலில் ஆளில்லாமற் போகின்றது. உயர்தர வகுப்பை நாடுவோர்க்கோ முதன்மொழியும் கணிதமும் இன்றியமையாதன. கணித ஆசிரியர் இல்லாமையாற் பெறுபேறு தாழ்கின்றது. பெறுபேறு தாழ்வதாற் பிள்ளைகள் விலகுகின்றனர். பிள்ளைகள் விலகுவதால் மேலும் ஓர் ஆசிரியர் போகின்றார். இச்சுழலின் முடிவிலேதான் "மூடிவிடலாம்" என்ற பேச்சு எழுகின்றது.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. இலங்கையிலுள்ள பத்தாயிரத்துச் சொச்சம் அரசாங்கப் பாடசாலைகளுள் ஏறக்குறைய மூவாயிரத்தில் நூறு மாணவர்கள்கூட இல்லை. சிங்களக் கிராமத்துக் கமக்காரனும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றான்.

அடுத்துள்ள பாடசாலையோடு இணைத்துவிட்டால் என்ன என்று கேட்போரும் உளர். நடந்து போகும் தூரத்தில் நல்ல பாடசாலை இருந்து, பஸ் வசதியும் ஒழுங்காக இருக்குமாயின் நாம் அதனை எதிர்க்கமாட்டோம். பிள்ளையின் நலனே பெரிது, கட்டடம் அன்று. ஆனால், நெடுந்தீவுப் பிள்ளை நாடோறும் கடல் கடந்து படிக்குமா? வன்னியிலே குளத்துக்கு அப்பாலுள்ள குடியேற்றத்துப் பெண்பிள்ளை மாலை வகுப்பு முடிந்து தனியே வீடு திரும்புமா? பாடசாலை தூரப்போனால் வசதியுள்ள பிள்ளை தூரம் போகும்; வசதியற்ற பிள்ளை வீட்டில் நின்றுவிடும்.

நாம் செய்யத்தக்கது என்ன? வலயக் கல்வி அதிகாரிகளிடம் மூன்றைக் கேட்போம். ஒன்று, ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை எந்நிலையில் வந்தது, பதினோராம் வகுப்பில் எந்நிலையை அடைந்தது என்பதைக் கொண்டு பாடசாலையை மதிப்பிடுக. இரண்டு, தலைகளை எண்ணாது பாடங்களை எண்ணி ஆசிரியரைத் தருக. மூன்று, அது முடியாதவிடத்து, அயலிலுள்ள இரண்டு மூன்று பாடசாலைகளுக்கு ஒரு கணித ஆசிரியரையேனும் பொதுவில் நியமிக்குக.

அதிகாரிகளைக் கேட்பதோடு நமது கடமை முடிந்துவிடாது. 1923ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர் ஊராகப் பாடசாலைகளை நடத்தியது. அரசாங்கம் 1960ஆம் ஆண்டிலிருந்து உதவி நன்கொடைப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, ஊரவர் தம் பொறுப்பையும் சேர்த்துக் கையளித்துவிட்டார்களோ என்று ஐயுற வேண்டியிருக்கின்றது.

ஒளிக்காமற் சொல்கின்றோம்: இம்மேடையில் நின்று பேசும் நாமும் எம் பிள்ளைகளை நகரத்துக்கே அனுப்பினோம். அன்று அது தவறென்று எமக்குத் தோன்றவில்லை. ஆனால், எம் பிள்ளையோடு சேர்ந்து ஊர்ப் பாடசாலையின் ஆசிரியரொருவரும் போய்விட்டார் என்பதை இன்று உணர்கின்றோம். அக்கடனைத் தீர்க்க வேண்டாமா? உத்தியோகத்தர்களே, சனிக்கிழமை தோறும் இரண்டு மணிநேரம் வந்து கணக்குச் சொல்லிக் கொடுங்கள். வெளிநாட்டிலுள்ளோரே, பெரிய கல்லூரியின் மண்டபத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை முதன்முதல் ஏடு தொட்ட பாடசாலைக்கும் அனுப்புங்கள். கமக்காரச் சகோதரர்களே, நடுகை நாளிலும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். ஒருநாள் தப்பிய பாடத்துக்கு மறுபோகம் இல்லை.

எட்டுப் பிள்ளைகளே இருக்கின்றார்கள் என்று எவரேனும் இகழ்ந்தால், அந்த எட்டுப் பேருக்கும் வேறு பாடசாலை இல்லை என்று பதில் கூறுவோமாக.