சுவருக்குள் ஒழுகும் தண்ணீர்



இந்த மாத உரையில், நமது வீட்டுச் சுவருக்குள்ளும் நிலத்துக்கு அடியிலும் நமக்குத் தெரியாமலே நடக்கும் தண்ணீர்ச் சேதத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நான் கட்டட நிபுணன் அல்லன், கணக்காளன். ஆனால் எம்மவர்கள் வாசித்துச் சொல்லும்படி கொண்டுவரும் கடிதங்களில் காப்புறுதிக் கடிதங்களும் வீட்டுச் சொந்தக்காரரின் கடிதங்களும் ஏராளம். அவற்றில் பெருந்தொகைக்கு வரும் விடயங்களில் இதுவும் ஒன்று.

ஊரில் ஓட்டு வீட்டில் ஒழுக்கு இருந்தால் மழை பெய்த அன்றே தெரிந்துவிடும். வாளியை வைப்போம், மழை விட்டதும் உடைந்த ஓட்டை மாற்றுவோம். இங்கே நிலைமை வேறு. தண்ணீர்க் குழாய், வெப்பமூட்டிக் குழாய், கழிவுநீர்க் குழாய் எல்லாமே சுவருக்குள்ளும் நிலத்துக்குள்ளும் புதைந்திருக்கின்றன. ஜேர்மன் காப்புறுதி நிறுவனங்களின் சங்கம் வெளியிடும் கணக்கின்படி, அண்மைய ஆண்டுகளில் இந்த நாட்டில் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட குழாய்த்தண்ணீர்ச் சேதங்கள் பதிவாகின்றன. அவற்றுக்கான செலவு 300 கோடி யூரோவுக்கும் மேல்.

இச்சேதம் எப்படி உருவாகிறது? பழைய உலோகக் குழாயில் ஊசி முனையளவு துளை விழுகிறது. அல்லது குழாய்ப் பொருத்து ஒன்று தளர்கிறது. அல்லது குளியல் தொட்டியைச் சுற்றியுள்ள சிலிக்கோன் பட்டி வெடித்து, குளிக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது தண்ணீர் உள்ளே இறங்குகிறது.

இங்குள்ள பெரும்பாலான வீடுகளின் நிலம் அடுக்கடுக்காக அமைந்தது. நாம் நடக்கும் தரைக்குக் கீழே 'எஸ்ட்ரிஷ்' எனப்படும் சீமெந்துத் தட்டு; அதற்குக் கீழே சத்தத்தையும் குளிரையும் தடுக்கும் மென்மையான அடுக்கு; அதற்கும் கீழே கொங்கிறீற் தளம். ஒழுகும் தண்ணீர் அந்த மென்மையான அடுக்குக்குள் புகுந்து, பக்கவாட்டில் ஓடும். எனவே குளியலறையில் ஒழுகும் தண்ணீரின் அடையாளம் படுக்கையறைச் சுவரின் அடியில் தோன்றலாம். கறை தெரியும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

'தண்ணீர் ஒழுகினால் பில்லில் தெரியுந்தானே' என்று பலர் கேட்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு ஒரு துளி, ஒரு துளி கால் மில்லிலீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21 லீற்றர். ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 8 கனமீற்றர். பல நகரங்களில் குடிதண்ணீருக்கும் கழிவுநீருக்கும் சேர்த்து ஒரு கனமீற்றருக்கு நான்கு, ஐந்து யூரோ வரும். ஆக, முழு வருடத்துக்கும் 40 யூரோ. நான்கு பேர் உள்ள குடும்பத்தின் ஆண்டுக் கணக்கில் இந்த 40 யூரோ யார் கண்ணிலும் படாது. ஆனால் அதே தண்ணீர் நிலத்துக்கு அடியில் தேங்கினால், திருத்தச் செலவு ஆயிரக் கணக்கில் போகும். பில் பேசும்வரை காத்திருப்பது நல்ல யோசனை அல்ல.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் நாமே செய்யக்கூடிய சில சோதனைகள் உள்ளன.

முதலாவது, தண்ணீர் மீற்றர். இரவு படுக்கப் போகுமுன் எல்லாக் குழாய்களையும் மூடி, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் ஓடாத நேரத்தில் மீற்றர் இலக்கத்தை எழுதுங்கள். காலையில் யாரும் தண்ணீர் திறக்குமுன், மலசலகூடத்துக்குப் போகுமுன், மறுபடி பாருங்கள். இலக்கம் மாறியிருந்தால் எங்கோ தண்ணீர் போகிறது. மலசலகூடத் தொட்டி மெல்ல ஒழுகினாலும் மாறும். அதை முதலில் பாருங்கள். ஆனால் இலக்கம் மாறவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. கழிவுநீர்க் குழாயின் ஒழுக்கும், வெப்பமூட்டிக் குழாயின் ஒழுக்கும், உங்கள் மீற்றருக்கு முன்னால் கட்டடத்தின் பொதுக் குழாயில் உள்ள ஒழுக்கும் அதில் தெரியாது.

இரண்டாவது, வெப்பமூட்டியின் அழுத்தமானி. தனி வீட்டில் இருப்பவர்கள் அடிக்கடி தண்ணீர் விட்டு அழுத்தத்தைக் கூட்ட வேண்டியிருந்தால் காரணம் தேட வேண்டும்.

மூன்றாவது, கண்ணும் மூக்கும். சுவர்த்தாள் குமிழ் விடுவது, சுவரடிப் பலகை ஊதுவது, லமினேற் தரையின் பொருத்துகள் மேலெழுவது, விளிம்பு பழுப்பான கறை, சுவரில் வெள்ளைப் பொடி, பூட்டிய அறையின் மண்வாசனை ஆகியவற்றைக் கவனியுங்கள்.

'நீங்கள் சோறு கறி சமைக்கிறீர்கள், யன்னல் திறப்பதில்லை, அதனால்தான் பூஞ்சணம்' என்ற பேச்சை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். காற்றோட்டக் குறைவால் வரும் பூஞ்சணம் பெரும்பாலும் குளிர்காலத்தில், வெளிச்சுவரின் மூலையிலும் யன்னல் ஓரத்திலும் அலுமாரிக்குப் பின்னாலும் வரும். கோடையிலும் காயாத ஈரம், உட்சுவரில் வரும் ஈரம், குளியலறைக்கோ குசினிக்கோ அடுத்த சுவரில் அடியிலிருந்து ஏறும் ஈரம் என்றால் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஆகவே வாய்ச்சண்டை போடாமல், அளந்து பார்க்கும்படி கேளுங்கள்.

ஒழுக்குத் தேடுவதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. ஈரமானி, வெப்பப் படம் எடுக்கும் கமெரா, குழாயின் சத்தத்தைக் கேட்கும் கருவி, குழாய்க்குள் விடும் சோதனை வாயு என்பவற்றை அவர்கள் பயன்படுத்துகிறார்கள். வெப்பப் படம் காட்டுவது வெப்ப வேறுபாட்டை மட்டுமே. அதை வைத்துத் தண்ணீர் என்று முடிவு கட்ட முடியாது. சுவரில் உப்போ உலோகமோ இருந்தால் ஈரமானியும் ஏமாறும். அதனால்தான் நல்ல நிபுணர் ஒரே கருவியை நம்பிச் சுவரை உடைப்பதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஜேர்மன் குடியியல் சட்டத்தின் 536சி பிரிவின்படி, வாடகைக்கு இருப்பவர் குறை ஒன்றைக் கண்டால் தாமதமின்றி வீட்டுச் சொந்தக்காரருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காததால் சேதம் பெருகினால், அந்தப் பெருகிய சேதத்துக்கு நாமே பொறுப்பாகலாம். வாடகைக் குறைப்பு உரிமையையும் இழக்கலாம்.

இங்கேதான் நமது பழைய பழக்கம் தடையாக நிற்கிறது. 1980களில் அகதிகளாக வந்து முகாம்களில் இருந்த காலத்தில், அதிகாரிகளின் கண்ணில் படாமல், ஒன்றும் கேளாமல் இருப்பதே பாதுகாப்பு என்று நம்மில் பலர் பழகிவிட்டோம். இன்றும் சிலர் கறைக்கு மேல் வெள்ளை பூசி, முன்னால் அலுமாரியை நகர்த்தி வைக்கிறார்கள். 'சொன்னால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள்' என்ற பயம். நேயர்களே, நமக்கு உரிமை தரும் சட்டம் சொன்னவரைத்தான் காக்கும், மறைத்தவரைக் காக்காது.

சொந்த வீடு வாங்கியவர்களுக்கும் ஒரு செய்தி. 2021 ஒக்டோபர் 20ஆம் திகதி கார்ல்ஸ்றூகவிலுள்ள உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. குளிக்கும் தட்டுக்கும் சுவருக்கும் இடையிலான சிலிக்கோன் பட்டியால் தண்ணீர் இறங்கிய சேதம், அந்த ஒப்பந்த நிபந்தனைகளின்படி, கட்டடக் காப்புறுதியில் அடங்கும் குழாய்த்தண்ணீர்ச் சேதம் அல்ல என்பதே அத்தீர்ப்பு. சில யூரோ பெறும் சிலிக்கோனைப் புதுப்பிக்காமல் விட்டால், முழுச் செலவும் நம் தலையில் விழலாம். உங்கள் ஒப்பந்தத்தில் இதற்குப் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

ஈரம் கண்டால் செய்ய வேண்டியவை இவை. தண்ணீர் பாய்வது தெரிந்தால் பிரதான குழாயை மூடுங்கள். திகதியுடன் படம் எடுங்கள். சொந்தக்காரருக்கு அன்றே தொலைபேசியில் சொல்லி, பின்னர் எழுத்திலும் அறிவித்துப் பிரதி வைத்திருங்கள். கட்டடத்துக்கான காப்புறுதி சொந்தக்காரருடையது. உங்கள் தளபாடங்களுக்கு உங்கள் 'ஹவுஸ்றாட்' காப்புறுதி. பழுதான பொருள்களைக் காப்புறுதி பார்க்குமுன் எறியாதீர்கள். உலர்த்தும் இயந்திரங்கள் பல வாரங்கள் இரவு பகலாக ஓடும். அவை தொடங்கும் நாளிலும் முடியும் நாளிலும் மின்மீற்றர் இலக்கத்தை எழுதி, அந்த மின்செலவைக் கேட்டு வாங்குங்கள். வாடகையை நீங்களாகக் குறைக்குமுன் வாடகையாளர் சங்கமான 'மீற்றர்பெறைனி'டம் ஆலோசனை கேளுங்கள். கடிதம் எழுத மொழி தடையென்றால் பிள்ளைகளிடமோ தெரிந்தவர்களிடமோ கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஒழுகும் தண்ணீருக்கு ஆகும் செலவை விட, சொல்லாமல் இருந்த நாட்களுக்கு ஆகும் செலவு பெரிது. இன்றிரவே உங்கள் மீற்றர் இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.