தங்கம் திரையரங்கும் தமிழ்ச் செவியும்



'அரங்கு' என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம் என்று மாதவியின் ஆடலரங்கை அளந்து காட்டுகிறது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு அமைத்த நுட்பத்தையும் அது கூறுகிறது. அந்த அரங்கு நிழலை விலக்கியது. நிழலையே கலையாக்கியது நம் காலத்துத் திரையரங்கு.

சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்ததாகப் போற்றப்படும் மதுரை, திரையரங்கையும் பெருமையோடு வளர்த்த ஊர். 1937இல் வெளிவந்த 'சிந்தாமணி' படத்தின் வருவாயைக் கொண்டு அப்படத்தின் பெயரிலேயே ஓர் அரங்கு அங்கே எழுந்தது. அதன் பின்னர், 1952 தீபாவளியன்று மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் 'பராசக்தி' படத்துடன் தங்கம் திரையரங்கு திறக்கப்பட்டது. 2,563 இருக்கைகளைக் கொண்ட அது, ஆசியாவிலேயே பெரிய அரங்கு என்று பெயர் பெற்றது.

இங்கே ஒரு கணக்கை நினைவு கொள்ள வேண்டும். 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அளவினரே. அதற்கு அடுத்த ஆண்டில்தான், கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடல் சிவாஜி கணேசனின் குரலில் அந்தப் பேரரங்கில் ஒலித்தது. மோனை, எதுகை என்னும் பெயர்களைக் கேட்டறியாதவர்களும் அவற்றின் ஓசைக்கு மூச்சடக்கிக் காத்திருந்தனர். எழுத்தின் வழியே எட்டாத செந்தமிழ், செவியின் வழியே அவர்களைச் சென்று சேர்ந்தது. திரும்பத் திரும்பக் கேட்டே நீண்ட வசனங்களை மனப்பாடமாக ஒப்பித்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர்.

திரையரங்கைச் சமத்துவத்தின் கோயில் என்று புகழ்ந்துவிட முடியாது. தரை டிக்கெட்டையும் உயர்வகுப்பையும் காசு பிரித்தது. பல அரங்குகளில் பெண்களுக்குத் தனித் தடுப்பும் இருந்தது. ஆயினும் சொல் அந்தத் தடுப்பில் நிற்கவில்லை. ஒரே சொல்லை ஒரே கணத்தில் கேட்டு, முன்னிருந்தவரும் பின்னிருந்தவரும் ஒருசேரக் கைதட்டினர்.

1975இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. 1980களில் ஒளிநாடாக்கள் வீடுதோறும் நுழைந்தன. பேரரங்குகளின் இருக்கைகள் காலியாயின. நகரின் நடுவிலிருந்த நிலத்தின் விலையோ உயர்ந்துகொண்டே போயிற்று. தங்கத்தில் 1990களில் காட்சிகள் நின்றன. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் ஜவுளிக்கடை எழுந்தது.

'பராசக்தி' அழியவில்லை. விரும்பியவர் இன்று அதைக் கைப்பேசியிலேயே காணலாம். அழிந்தது படமன்று, அதைக் கூடியிருந்து கேட்ட அவை. தனித்துக் கேட்பவன் பிடிக்காத இடத்தில் நிறுத்திவிடுவான். அவையில் இருப்பவனோ, பக்கத்தில் இருப்பவன் எதற்கு அழுகிறான், எதற்குச் சிரிக்கிறான் என்பதையும் சேர்த்துக் கேட்கிறான்.

கவிஞர்களுக்கு இது அயலார் கதையன்று. நூலை இயற்றியதோடு புலவன் கடமை முடிந்ததாகத் தமிழ் மரபு கருதவில்லை. அவையில் அரங்கேறிய பின்னரே அது நூலாயிற்று. இன்றோ கவிதை அச்சேறுகிறது, அரங்கேறுவதில்லை. கவிஞர் எழுதக் கவிஞரே படிக்கும் நிலை வளர்ந்து வருகிறது. கேட்போர் குறைந்தால் எத்துணைப் பெரிய அரங்கும் மூடப்படும் என்பதற்குத் தங்கமே சான்று.

பத்தாண்டுகளாகக் கவிதை பாடி வந்த இவ்வட்டம், பதினோராம் ஆண்டில் தன் கூட்டத்தை மண்டபத்துக்கு வெளியேயும் நடத்தட்டும். சந்தைத் திடலிலும் ஆலை வாயிலிலும், நூல் வாங்கும் வழக்கமில்லாதவர் நடுவே கவிதை வாய்விட்டுப் படிக்கப்படட்டும். கைதட்டல் எழுகிறதா, கூட்டம் கலைகிறதா என்பதைக் கவிஞன் நேரில் காணட்டும். அதுவே மூடிய அரங்குக்குச் செய்யும் மெய்யான நினைவஞ்சலி.

வாழ்க தமிழ்! வளர்க கேட்போர் அவை!