எழுதினா சோறு கிடைக்குமா?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

கடன், வட்டி, தவணை பத்தி இன்னைக்கு நான் பேசப் போறதில்லை. பயப்படாம உட்காருங்க.

போன மாசம் ஒரு குழுக் கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க: "ஏன் கண்ணு, எப்பப் பார்த்தாலும் நோட்டுல எழுதிக்கிட்டே இருக்கியே, அதுக்குத் தனியா காசு வருதா?" அன்னைக்கு சிரிச்சு மழுப்பிட்டேன். இன்னைக்கு பதில் சொல்றேன்.

நான் எழுதி வாங்கின முதல் கூலி ஒரு டீயும் ஒரு வடையும். அப்போ ஏழாம் வகுப்பு படிச்சேன். எங்க அம்மா இருந்த குழுவுல எழுதத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து தீர்மான நோட்டை நான்தான் எழுதுவேன். யார் எவ்வளவு சேமிப்பு கட்டினாங்க, யார் கேட்ட கடனுக்கு யார் மறுப்பு சொன்னாங்க, எல்லாம் எழுதணும். "நான் சண்டை போட்டதையும் எழுதிட்டியா?"ன்னு ஒரு பெரியம்மா கேட்பாங்க. எழுத்துன்னா மத்தவங்களுக்கு ஒரு பயம் இருக்குன்னு அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்.

கவிஞர் சல்மாவை உங்கள்ல சிலபேர் கேள்விப்பட்டிருப்பீங்க. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சிக்காரர், 1968-ல் பிறந்தவர். வயசுக்கு வந்ததும் அவர் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டுக்குத் தெரியாமல் ஒளிந்து ஒளிந்துதான் எழுதினார். சல்மா என்பது புனைபெயர். 2000-ல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. அடுத்த வருஷம், 2001 உள்ளாட்சித் தேர்தலில் அந்த ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதால், வெளியே போகாதே என்று சொன்ன வீடே அவரைத் தேர்தலில் நிறுத்தியது. ஜெயித்தார். 2006 சட்டமன்றத் தேர்தலில் தோற்றார். 2025-ல் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார். தன் சமுதாயப் பெண்களின் வாழ்க்கையை நாவலாக எழுதியபோது ஏச்சும் வாங்கினார். எனக்கு இதில் பிடித்தது பதவி இல்லை. சொந்த சனத்தைப் பற்றி எழுதிவிட்டு அதே சனத்துக்கு நடுவில் நின்று ஓட்டுக் கேட்டாரே, அந்தத் தைரியம். எனக்கு அது இல்லாம போச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரு ஊர்ல குழுக் கூட்டம் மாரியம்மன் கோவில் மண்டபத்துல நடக்கும். மாதவிலக்கு நாள்ல வர்ற பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில நிப்பாங்க. கையெழுத்து நோட்டை வெளியே கொண்டுபோய் நீட்டுவாங்க. கடன் யாருக்குன்னு உள்ளே முடிவாகும், வெளியே நிக்கிறவங்களுக்கு அது காதுல விழாது. இதை ஒரு கட்டுரையா எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். போட்டாங்க. 500 ரூபாய் வந்தது. பெயர் போடலைன்னாலும், மரத்தடியில நின்ன அக்காவோட புடவைக் கலரு, அவங்க தையல் மெஷினுக்குக் கடன் கேட்டது எல்லாம் எழுதியிருந்தேன். ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. "குடும்ப மானத்தைப் பேப்பர்ல ஏத்திட்டா"ன்னு மாமியார் சண்டை. அந்த அக்கா மூணு கூட்டத்துக்கு வரலை. நான் அந்த ஊர்ப் பக்கம் போகாம வேற ஆளை அனுப்பினேன். எம்.எஸ்.டபிள்யூ. படிச்சவ செய்யிற காரியமா அது?

நாலாவது மாசம் போனேன். அந்த அக்கா கேட்டது ரெண்டே கேள்வி. "எனக்கு ஒரு வார்த்தை படிச்சுக் காட்டியிருக்கலாமில்ல? அந்த 500 ரூபாய் யாரோடது?" எனக்குப் பதில் வரலை. பணத்தைக் கொடுத்தேன், வாங்கலை.

"சாமியைத் திட்டி எழுதினவளே, பங்குனியில தீச்சட்டி எதுக்கு எடுக்கிற?"ன்னு வேற சிலர் கேட்டாங்க. நான் அம்மனைத் திட்டலை. எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனப்ப வேண்டிக்கிட்டேன், எடுத்தேன், இன்னமும் எடுப்பேன். அம்மன் யாரையும் மரத்தடியில நிக்கச் சொன்னதா எனக்குத் தெரியலை. கூட்டம் இப்போ பள்ளிக்கூட வராந்தாவுக்கு மாறிடுச்சு. என் கட்டுரையால இல்லை. அந்த அக்காவே மூணு மாசம் கழிச்சு வந்து, எழுந்து நின்னு கேட்டாங்க, தீர்மானம் போட்டாங்க.

அரசியலையும் சொல்லிடறேன். 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நேரத்துல ஒரு வேட்பாளரோட ஆள் வந்து, நோட்டீஸ் எழுதித் தா, குழு பெண்கள் எல்லாம் எங்க பக்கம்னு ஒரு வரி சேர்த்துக்கோ, 2,000 தர்றோம்னார். அந்த ஒரு வரிதான் அவங்களுக்கு வேணும். மறுத்துட்டேன். பெரிய மனசுன்னு நினைக்காதீங்க. மகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டிய மாசம், ராத்திரி பூரா கணக்குப் போட்டேன். சம்பளம்னு ஒண்ணு இருந்ததால மறுக்க முடிஞ்சது. எழுத்து மட்டுமே பிழைப்பா இருந்தா என்ன செஞ்சிருப்பேனோ. புதுமைப்பித்தன் அவ்வளவு பெரிய எழுத்தாளர், சினிமாவுக்கும் எழுதிப் பார்த்தவர், 1948-ல் காசநோயோடு வறுமையில்தான் இறந்தார்.

ஆக, கேட்ட அக்காவுக்குப் பதில்: இதுவரைக்கும் வந்த காசு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கக்கூடப் பத்தாது. அந்த 500 ரூபாய் இன்னும் என் பீரோவுல தனியா இருக்கு. இப்போ எதை எழுதினாலும் சம்பந்தப்பட்டவங்ககிட்ட முதல்ல படிச்சுக் காட்டறேன். இந்தப் பேச்சையும் அந்த அக்காகிட்ட படிச்சுக் காட்டிட்டுத்தான் வந்தேன். புடவைக் கலரைச் சொல்லாதேன்னாங்க, சொல்லலை.

நம்ம செய்திமடல்ல அடுத்த இதழுக்கு ரெண்டு பக்கம் காலியா இருக்கு. எழுதத் தெரியாதவங்க சொன்னா நான் எழுதித் தர்றேன். காசு கிடையாது. டீயும் வடையும் உண்டு.